வலி நின்றால் பல் குணமாயிற்றா?

தறியில் ஒரு பாவிழை அறுந்தால் நெசவாளர் அப்பொழுதே தறியை நிறுத்தி இழையைப் பிணைத்து விடுகிறார். பயிரில் இலை சுருண்டால் விவசாயி அன்றே வயலில் இறங்கிப் பார்க்கிறார். இத்துணைக் கருத்துள்ள நம் அங்கத்தினர்கள் பல் விஷயத்தில் மட்டும் மாதக் கணக்கில் பொறுத்திருப்பது ஏன்? ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்ற கணக்கு ஒரு காரணம். அதை நாம் குறை கூற மாட்டோம். வலி போனால் நோயும் போயிற்று என்ற எண்ணம் மற்றொன்று. பல்லைப் பறிகொடுக்கச் செய்வது இவ்வெண்ணமே.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் எலும்பைவிடக் கடினமானது. ஆயினும் அதற்கு உணர்ச்சி கிடையாது. பல்லில் ஒட்டும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கிருமிகள் புளிப்பாக மாற்ற, அப்புளிப்பு எனாமலை அரிக்கிறது. அரிப்பு அங்கேயே நிற்கும்வரை வலி தோன்றாது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளி, நாக்கில் நெருடும் சிறு பள்ளம், உணவு ஒரே இடத்தில் சிக்குதல், இவ்வளவே அறிகுறி. பள்ளம் சிறிதாயிருக்கையில் பல் வைத்தியரிடம் சென்றால், சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பிவிடுவார். பெரும்பாலும் ஒரே நடையில் முடியும் வேலை.

அரிப்பு அடுத்த அடுக்கை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் சுருக்கென்று தைக்கும், சற்றைக்கெல்லாம் நிற்கும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழை அது தொட்டுவிட்டாலோ, சூடான காபி குடித்து முடித்த பின்னும் வலி நெடுநேரம் நீடிக்கும். இரவில் படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். இப்பொழுதும் பெரும்பாலும் வேர்ச் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் நம் வீடுகளில் கிராம்புத் தைலமும், கன்னத்தில் அடக்கும் புகையிலையும் வெளிவருவது இச்சமயத்தில்தான். கிராம்பு மரத்துப்போகச் செய்யும், ஓர் இரவைக் கழிக்க உதவும், அரிப்பை நிறுத்தாது. புகையிலையோ ஒரு நோய் தீர மற்றொரு நோயை விலைக்கு வாங்குவது.

சில நாளில் வலி தானே அடங்குவதுண்டு. அது குணமன்று, நரம்பு இறந்துவிட்டது என்பதே பொருள். கிருமிகள் வேர்நுனி வழியே எலும்பில் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. ஈறில் சிறு பரு தோன்றி உடையும். கடித்தால் அப்பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். கன்னம் வீங்கினால் ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல் அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். வீக்கம் தாடைக்குக் கீழோ கழுத்திலோ பரவி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால், விடியட்டும் என்று இருத்தல் கூடாது. அவ்விரவே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

ஈறில் இரத்தம் கசிவதை உடற்சூடு என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது பல்லடியில் படிந்த அழுக்கு காரையாக இறுகியதன் விளைவு. காரையைச் சுரண்டினால் பல் ஆட்டங்கண்டுவிடும் என்பார்கள். முன்னமே ஆடிய பல்லைக் காரை மறைத்திருந்தது என்பதே உண்மை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்பதோ வெறும் பயம்.

வெற்றிலை பாக்கு போடுவோர்க்கு ஒரு வார்த்தை. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்டது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறவாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் காட்டுக. வலியில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

கறையெல்லாம் சொத்தையன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைப் பருகியவர்க்குப் பழுப்புக் கறை படிகிறது. சாம்பலோ செங்கல் தூளோ இட்டுத் தேய்த்தால் கறை போகாது; எனாமல்தான் தேயும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றது இக்குறையைக் கருதியே. நூல்முனையைப் பல்லால் கடித்தறுக்கும் வழக்கமும் முன்பல்லின் விளிம்பில் பள்ளம் விழச் செய்யும். தறியருகே ஒரு கத்தரி இருக்கட்டும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. செல்லும்பொழுது சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்கு உட்கொள்ளும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுசெல்க. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதைத் தாமே நிறுத்தாமல் முதலில் சொல்லிவிடுக. கருவுற்ற பெண்களும் மாதத்தைக் கூறிச் சிகிச்சை பெறலாம். பிரசவம் வரையில் வலியைப் பொறுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.