உங்களுக்குத் தெரியுமா? வராதவர்களின் கணக்கு

● ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டி இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு மாத்திரை செலவானது என்றுதான் அதில் இருக்கும். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் கேள்வியையே மாற்றியது. பல ஊர்களில் நோயாளி கையில் கியூஆர் குறி போட்ட அட்டை, செவிலியர் கையில் ‘சிம்பிள்’ என்ற இலவசச் செயலி. கடைசியாக வந்தபோது 140/90-க்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் என்று கணக்கு. தவணை தவறியவர்களின் பட்டியலைச் செயலியே எடுத்துத் தரும். பார்த்து போன் போட வேண்டியதுதான். வராதவரைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் எந்த நிலையத்தின் சதவீதமும் பளபளக்கும். இந்தத் திட்டத்தில் அந்த வித்தை பலிக்காது. வராதவர்களும் அறிக்கையில் தனியாக நிற்பார்கள். 2022-ல் இதற்கு ஐ.நா. விருது கிடைத்தது.

● கென்யாவின் எல்டோரெட் நகருக்கு அருகில் உள்ள மொசோரியட் கிராமப்புற சுகாதார மையத்தில் 2001-லேயே நோயாளிப் பதிவு கணினிக்கு வந்துவிட்டது. ஒருவர் மையத்துக்குள் நுழைந்து வெளியேற ஆகும் நேரம் 22 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. பலரும் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: ஊழியர்கள் நோயாளிகளோடு செலவிட்ட நேரம் பாதியானது, சொந்த வேலைக்குக் கிடைத்த நேரம் கூடியது! வரிசை சீக்கிரம் நகர்ந்தது நல்லதுதான். சிகிச்சையின் தரம் உயர்ந்ததா என்பது வேறு கேள்வி.

● பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு மட்டுமல்ல, சில ஊசி மருந்துகளுக்கு உறைநிலையும் ஆகாது. 2015-ல் இந்தியாவில் வந்த ‘இவின்’ அமைப்பில் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே உணர்கருவி இருக்கிறது. வெப்பநிலை எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும்.

● தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க ‘பிக்மி நம்பர்’ குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். ஊருக்குள் யாருக்கு எப்போது பிரசவம், யாருக்கு ரத்தசோகை என்று கிராம சுகாதார செவிலியர் முன்கூட்டியே அறிய இந்தப் பதிவு உதவுகிறது. ஆனால், நோட்டில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை என்று எழுதியதையே திரும்ப எழுத வைத்தால், அந்த நேரம் கர்ப்பிணியைப் பார்க்கும் நேரத்திலிருந்துதான் போகும்.

● பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் நம்பியிருக்கும் ‘டிஎச்ஐஎஸ் 2’ மென்பொருள் முதலில் செயல்பாட்டுக்கு வந்தது 2006-ல், கேரளத்தில். வளர்த்தது நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம், வேர் தென்னாப்பிரிக்காவில். 2020 ஜனவரியில் கொரோனாவைக் கண்காணிக்க இதை முதலில் மாற்றியமைத்தது இலங்கை. பிறகு பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன.

● அளந்தது உண்மையா, உத்தேசமா என்பதைக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்காக அளந்த ரத்த அழுத்த அளவுகள் 132, 126, 148 என்று சிதறிக் கிடக்கும். 120, 130, 140 என்று பூஜ்யங்களாகவே குவிந்தால் மேற்பார்வையாளர் சந்தேகப்படுவார். உங்கள் அட்டையிலும் மாதாமாதம் 130/80 என்றே இருக்கிறதா? “இன்னொரு தடவை பார்த்துடுங்க சிஸ்டர்” என்று தாராளமாகக் கேட்கலாம்.