அடுப்பும் புகைபோக்கியும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் எரிவாயு உருளை பல வீடுகளுக்கு வந்துவிட்டது. எனினும் வெந்நீர் காய்ச்சவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கவும் விறகடுப்பு மூட்டுவோர் இன்றும் உண்டு. சவுக்கு மிளாரும் தென்னை மட்டையும் கையருகே கிடக்க, காசு கொடுத்து வாங்கிய வாயுவை வெந்நீருக்குச் செலவிட யாருக்கு மனம் வரும்? ஆகவே அந்த அடுப்பின் புகை எங்கே போகிறது என்பதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

புகை கண்ணைக் கரிக்கும். அது தன் வருகையை அறிவிக்கும் பகை. அதனோடு கலந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இதனைப் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் சன்னலை அடைத்துவிட்டு அடுப்பெரிக்கும் பெண்ணுக்கு வரும் தலைவலிக்குக் கண்ணேறு காரணமன்று.

30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1,160 கிராம் எடையிருக்கும். 150 பாகைக்குச் சூடானால் அதே அளவு காற்றின் எடை ஏறத்தாழ 830 கிராமே. குழாய்க்குள் இலேசான காற்று, வெளியே கனத்த காற்று. கனத்தது அடுப்பின் வாய் வழியே புகுந்து இலேசானதை மேலே தள்ளுகிறது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூண்டு செய்யும் வேலையும் இதுவே. குளிர்நாடுகளில் மரத்தூளை அழுத்திச் சிறு குச்சிகளாக்கி எரிக்கும் வீட்டுக் கொதிகலன்களில் மின்விசிறி புகையை வெளியேற்றுகிறது. நமக்குக் குழாயின் உயரமே விசிறி.

நம் பாட்டிமார் மண்ணால் அமைத்த கொடியடுப்பில், பெரிய அடுப்பின் அனல் ஒரு துளை வழியே பக்கத்துச் சிற்றடுப்புக்குப் போகும். அந்தச் சிற்றடுப்புக்கு அப்பால் ஒரு குழாயை நிறுத்தினால் புகையில்லா அடுப்பு ஆயிற்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு என்பவர் இத்தகைய அடுப்பை வகுத்து, 1953ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

குழாயின் உள்விட்டம் மூன்று முதல் நான்கு அங்குலம் போதும். குறைந்தால் புகை திணறும். மிகுந்தால் புகை ஆறிச் சோர்ந்துவிடும். இயன்றவரை நேராகவே ஏற வேண்டும். வளைவு தவிர்க்க முடியாதாயின், ஒரு செங்கோண வளைவுக்குப் பதில் இரண்டு சாய்வான வளைவுகள் நல்லவை. மேற்குழாயின் நுனி கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்கட்டும். இல்லையேல் உள்ளே உருகும் கரிநெய் மூட்டின் வழியே சுவரில் வழியும். கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது குழாய் நிற்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால், காற்றடிக்கும்போது புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உச்சியில் ஒரு தகரக் குல்லாய் அவசியம். முன்பு கல்நார்ச் சிமெண்டுக் குழாயைத் தாராளமாகப் பயன்படுத்தினர். கல்நார்த் தூள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது. சுட்ட மண் குழாயோ இரும்புத் தகட்டுக் குழாயோ வாங்குங்கள். பழைய கல்நார்க் குழாய் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

கீற்றுக்கூரை வீட்டாருக்குத் தனியாக ஒரு சொல். சூடான குழாயைக் கீற்றின் ஊடே செலுத்துவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். சுவர் வழியே வெளியேற்றி, கூரை விளிம்பை ஒன்றரை அடி சுற்றளவுக்கு விலக்கி வெட்டி, அங்கே தகரம் பொருத்தி மேலேற்றுவோர் உண்டு. அதுவும் எனக்கு முழுத் திருப்தி தருவதன்று; உச்சியிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். ஓட்டுச் சார்ப்பு ஒன்றைத் தள்ளி அமைத்து, அடுப்பை அங்கே கொண்டுபோவதே தக்கது.

மத்திய அரசு 1983 முதல் 2002 வரை மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் நடத்தியது. அவ்வாறு அமைத்த அடுப்புகளில் பல கைவிடப்பட்டன. கரி அடைத்த குழாயைத் துடைப்பார் இல்லை. பெரிய பானைக்காக அடுப்பின் வாயை இடித்து அகலமாக்கியவர்களும் உண்டு. ஆதலால் குழாயின் அடியில், மூடி போட்ட ஒரு துப்புரவு வாயைத் தொடக்கத்திலேயே வையுங்கள். நீண்ட மூங்கில் நுனியில் சாக்குத்துணி கட்டி மாதம் ஒருமுறை உள்ளே ஓட்டினால் போதும். ஈர விறகு எரியும் மழைக்காலத்தில் இருமுறை. காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது புகை அடுப்பின் வாய்வழியே திரும்புமாயின், அந்தத் துப்புரவு வாயில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி வைத்து மூடியைச் சாத்துங்கள். குழாய் சூடேறியதும் புகை தன் வழியே ஏறத் தொடங்கும். பிறகு விறகை வையுங்கள்.