ஒரே மத்தியானத்தில் முடிகிற வருஷம்

புறநகர் மைதானங்கள் – 9

பொழிச்சலூர்ப் பையன்களுக்குக் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லை. பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்தால் வேல்ஸ் பல்கலைக்கழகம். மின்சார ரயிலில் தாம்பரம் இறங்கினால் சென்னை கிறித்துவக் கல்லூரி, சேலையூர் பக்கம் திரும்பினால் பாரத். அதே ரயில் பாதையில் இன்னும் தெற்கே வண்டலூரில் கிரெசன்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனால் சத்யபாமா, படூரில் ஹிந்துஸ்தான். சனிக்கிழமை காலை, ‘வட திருநள்ளாறு’ என்று அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிற நேரத்தில், ஊர்ப் பையன்கள் ஸ்டட்டின் லேஸை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு எதிர்த் திசையில் பஸ் ஏறுகிறார்கள்.

இவ்வளவு கல்லூரிகள், இவ்வளவு மைதானங்கள், இவ்வளவு பையன்கள். ஆனாலும் ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரன் தன் கல்லூரி பனியனைப் போட்டுக்கொண்டு வருஷத்துக்கு எத்தனை முழு ஆட்டம் ஆடுகிறான் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஒரே தெருவில் பந்து உதைத்து வளர்ந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ப்ளஸ் டூ முடித்து ஒருவன் கிறித்துவக் கல்லூரியில் சேர்கிறான், இன்னொருவன் பக்கத்திலிருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில். ஆட்டத்தில் இருவரும் சமம். ஆனால் முதல் வருஷத்திலிருந்தே அவர்கள் பாதை பிரிந்துவிடுகிறது.

கிறித்துவக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே படிப்பவன் முதலில் கல்லூரி அணிக்குள் வர வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுக்கிற இருபது பேரில் ஒருவனாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்கு ரயில் ஏற முடியும். நிகர்நிலையில் சேர்ந்தவனுக்கு இந்தப் படிகள் கிடையாது. அவனுடைய கல்லூரியே ஒரு பல்கலைக்கழகம், அந்த அணியில் இடம் பிடித்தாலே தென்மண்டலத்தில் ஆடிவிடலாம். உதவித்தொகையும் விடுதியும் தருவதாகச் சொல்லி நல்ல ஆட்டக்காரர்களை நிகர்நிலைகள் இழுக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். பி.டி. மாஸ்டர்கள் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பையன்களின் அப்பா அம்மாக்களுக்கும் இப்போது இந்தக் கணக்கு தெரியும்.

ஏன் இந்தக் கணக்கு முக்கியம்? மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்கு ஆடினால் முதல் படிவம், மாநிலத்துக்கு ஆடினால் இரண்டாவது, பள்ளி அளவில் ஆடினால் நான்காவது. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்குப் படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் அதில் கையெழுத்திட்டுத் தருவார். ரயில்வே, வருமான வரி, தபால் துறை என்று எங்கே விண்ணப்பித்தாலும் அந்த ஒற்றைத் தாளைத்தான் கேட்பார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அப்பா ஆட்டோ ஓட்டுகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் தாளுக்காகத் தென்மண்டலம் போகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பல்கலைக்கழக அணிகள் ஒரே ஊரில் குவியும். ஆட்டம் நாக்-அவுட். காலிறுதி தாண்டிய நான்கு அணிகள் மட்டும் தங்களுக்குள் லீக் ஆடி, மற்ற மண்டலங்களோடு மோத அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கே கொடுக்கிற கோப்பை, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் பெயரில் 1941லிருந்து இருந்துவருகிறது. மற்ற எல்லோருக்கும் ஒரு தோல்வியோடு அந்த வருஷம் முடிந்தது. ராத்திரியெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போனவன், தூக்கக் கலக்கத்தோடு முதல் ஆட்டத்தில் இறங்குகிறான். எதிரே நிற்பது கோழிக்கோடு பல்கலைக்கழகமாக இருந்தால்? அது இருப்பது மலப்புரம் மாவட்டத்துத் தேஞ்ஞிப்பலத்தில். மழை ஓய்ந்ததும் ஊருக்கு ஊர் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டிகள் களைகட்டுகிற மண் அது. அந்தப் பையன்கள் ஆட்டம் ஆடி ஆடிக் காய்ப்பேறியவர்கள். நம் பையன் பயிற்சி மட்டும் செய்து காய்ப்பேறியவன். தொண்ணூறு நிமிஷத்தில் இந்த வித்தியாசம் வெளியே தெரிந்துவிடும்.

திறமையில் இவன் குறைந்தவன் இல்லை. இவனுக்கு ஆட்டம் போதவில்லை, அவ்வளவுதான். தோற்ற பிறகு அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருந்தால்தான் தவறைத் திருத்திக்கொள்ள முடியும். இவனுக்கு அடுத்த ஆட்டம் அடுத்த வருஷம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். அங்கே ஆகஸ்ட் கடைசியில் பருவம் தொடங்குகிறது. முதல் பிரிவில் மட்டும் ஆண்கள் அணிகள் இருநூறுக்கு மேல். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. வாரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ஆட்டம், அட்டவணை முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். கார்த்திகை குளிருக்குள் ஒவ்வொரு அணியும் பதினைந்து, பதினெட்டு ஆட்டம் ஆடி முடித்திருக்கும். அதன் பிறகுதான் 48 அணிகள் மோதுகிற நாக்-அவுட். 2024 டிசம்பரில் அந்தக் கோப்பையை வென்றது வெர்மான்ட் பல்கலைக்கழகம். தரவரிசை கொடுக்கப்படாமல் உள்ளே வந்த அணி. வட கரோலினாவின் கேரி நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் பின்தங்கி, சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 2–1 என்று ஜெயித்தது. பின்தங்கிய பிறகும் பதறாமல் ஆடுகிற நிதானம் பயிற்சி முகாமில் வருவதில்லை. அந்தப் பருவத்தில் அவர்கள் ஏற்கெனவே எத்தனையோ தடவை பின்தங்கியிருப்பார்கள். பின்னாளில் அமெரிக்க அணிக்காக 57 கோல் அடித்த கிளின்ட் டெம்ப்ஸி, ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் இப்படி வாராவாரம் ஆடித்தான் மேலே போனார்.

அங்கேயும் குறை சொல்கிறார்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால் உடம்பும் படிப்பும் கெடுகிறது, இரண்டு செமஸ்டருக்கும் பரப்பி வையுங்கள் என்று பயிற்சியாளர்கள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். ஆட்டம் அதிகமாகிவிட்டது என்பது அவர்கள் கவலை. நம் பையன்களுக்கு அந்தக் கவலை ஒரு வருஷமாவது வரட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இங்கேயே ஒரு வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் என்ற பெயரில் ஹிந்துஸ்தான் நிறுவனத்தின் அணி சென்னை கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன் லீக்கில் ஆடியது. லீக் என்றால் தோற்றாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இந்தியன் வங்கி, வருமான வரி, ஏ.ஜி. ஆபீஸ் என்று சம்பளம் வாங்கி ஆடுகிற பெரியவர்களோடு மோத வேண்டும். முப்பது வயது பேக் ஒருவர் முழங்கையை எங்கே வைப்பார் என்பதைப் பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டுவிடலாம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அந்த ஈகிள்ஸிலிருந்து கிளம்பியவர்தான். அங்கிருந்து சென்னை சிட்டி, பிறகு ஐ.எஸ்.எல். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து, கொல்கத்தா டெர்பியை ஜெயித்துக் கொடுத்தார்.

எல்லாக் கல்லூரியும் சீனியர் டிவிஷனுக்குப் போக முடியாது. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையிலும் அதன் கிளைச் சாலைகளிலும் இருக்கிற ஆறு கல்லூரிகள் தங்களுக்குள் ஒரு லீக் நடத்தலாமே! ஒவ்வொருவர் மைதானத்திலும் ஒரு தடவை. அப்படி ஆடினால் ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். ஜூலையில் தொடங்கினால் வாரம் ஒன்றாக அக்டோபர் தொடக்கத்துக்குள் முடித்துவிடலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை மைதானத்தைச் சேறாக்கிவிடும், அதன் பின்னாலேயே செமஸ்டர் பரீட்சையும் வந்துவிடும். அதனால் இந்த மூன்று மாதம்தான் நமக்கு இருக்கிற பருவம். போய்வரச் செலவு என்று பார்த்தால், பெரும்பாலும் மின்சார ரயில் டிக்கெட்தான்.

கிறித்துவக் கல்லூரி விடுதிகள் இதைச் சின்ன அளவில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. 1937ல் தாம்பரத்துக்கு வந்த அந்த 365 ஏக்கர் வளாகத்தில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஹாலுக்கு ஹால் போட்டி. ஆட்டத்தன்று லைனுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களைப் பார்த்தால், கல்லூரிக் கால்பந்துக்கு இங்கே ஆள் வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சத்தத்தை வளாகத்துக்கு வெளியே கொண்டுவந்தாலே போதும்.

இரண்டு தடைகளை ஆட்டக்காரர்களே சொல்கிறார்கள். ஒன்று வருகைப் பதிவு. பல்கலைக்கழகம் நடத்துகிற போட்டிக்குப் போனால், வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு வைக்கிற ஓ.டி. கிடைக்கும், கல்லூரிகள் தாங்களாகப் பேசி வைத்துக்கொள்கிற ஆட்டத்துக்குக் கிடைக்காது. மத்தியான லேப் போனால் போனதுதான். இதற்குச் சனிக்கிழமையில் ஆட்டம் வைப்பதுதான் எளிய வழி. அதற்கும் அனுமதி வாங்கித் தர முதல்வர் அறைக்குப் போய்ப் பேசுகிற ஒரு பி.டி. சார் ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும். இருக்கிறார்கள். வாசலிலேயே நிற்க வைக்காமல், உட்காரச் சொல்லி அவர்கள் பேச்சைக் கேட்கிற நிர்வாகம்தான் வேண்டும்.

இன்னொன்று நடுவர்கள். ஆறு அணி, முப்பது ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதுகிறவர் ஒருவர், கொடி பிடிக்கிறவர்கள் இருவர். வெயிலில் தொண்ணூறு நிமிஷம் ஓடிவிட்டு, கைக்கு வருகிற பேட்டாவை எண்ணிப் பார்த்துப் பஸ் ஏறுகிற அந்த மனிதர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)