தண்டையல் ஒரு பெண்

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் மாதர் சங்கத் தலைவி தெரிவு நடந்தது. எல்லோரும் ஒரு அக்காவையே சொன்னார்கள். "எனக்கு என்ன பலம் இருக்கு தங்கச்சி? கையும் காயப்பட்ட கை. வேற ஆளைப் பாருங்கோ" என்று அவர் ஒதுங்கினார்.

நான் படகோட்டப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார். அவர் துடுப்பைத் தொடுவதில்லை. வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டியே இருப்பார்கள்; வழியைப் பார்த்தபடி இருப்பவர் அவர் ஒருவரே. சுக்கானைத் திருப்புவதும், குரல் கொடுத்து எல்லோரையும் ஒன்றாக வலிக்க வைப்பதும் அவர் பொறுப்பு. இதற்குப் பாரம் குறைந்தவர்களையே தேடுவார்கள்.

இங்கிலாந்தில் 1829 இல் தொடங்கிய ஒக்ஸ்போர்ட் - கேம்பிரிட்ஜ் ஆண்கள் போட்டியில், 1981 இல்தான் முதன்முதலாக ஒரு பெண் அந்த இடத்தில் இருந்தார். அவர் சூ பிரவுண். அவரது ஒக்ஸ்போர்ட் படகே வென்றது. மறுவருடமும் அவரே வழிகாட்ட, மீண்டும் வென்றது. 2017 இல் உலகப் படகோட்டச் சம்மேளனம் இந்த இடத்தை இருபாலாருக்கும் பொதுவாக்கியது.

"அப்ப அவ எங்கட தண்டையல் மாதிரி" என்றார் அக்கா.

"ஓமக்கா. அண்ணை போன பிறகு உங்கட வீட்டுக்கு ஆர் தண்டையல்?"

அவர் பேசவில்லை. சற்று நேரத்தில் சங்கக் கொப்பியை வாங்கி, இடது கையால் கையொப்பமிட்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வழி பார்ப்பவர் நீங்கள்தானே?