கொடைக்கானல் பஸ்ஸில் வந்த கறுத்த செடி

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. கொடைக்கானல் பஸ்ஸில் எங்களுக்கு வந்திறங்குவது வழக்கமாக கேரட்டும் பிளம்ஸும்தான். அந்த மார்கழிக் கடைசியில் மட்டும் ஒரு தக்காளிக் கூடை வந்தது. உள்ளே, நியூஸ்பேப்பர் சுற்றிய தொட்டியில் சிம்பிடியம் ஆர்க்கிட். இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது.

"ராத்திரி உள்ளே எடுத்து வைக்க மறந்துட்டேன்க்கா. காலையில பார்த்தா உப்பு கொட்டின மாதிரி கெடந்துச்சு. செத்துப்போச்சா?" பாம்பார்புரத்திலிருந்து தங்கை போனில் கேட்டாள்.

எங்களுக்குப் பனி என்றால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறுவதுதான். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் கதையே வேறு. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். ஜிம்கானா, கீழ்பூமி பக்கம் உறைபனி என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, அதற்கு இதுதான் காரணம். தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே இலையின் மேல்பரப்பு 0-வுக்கு இறங்கிவிடலாம். தங்கை வீட்டு முற்றத்தில் இந்தத் தொட்டி இருந்தது தாழ்ந்த மூலையில். தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே இருந்த இன்னொன்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இலைக்குள் முதலில் செல்களுக்கு நடுவில்தான் ஐஸ் பிடிக்கிறது. அந்த ஐஸ் செல்லுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே உறிஞ்ச, செல் சுருங்கி அதன் சவ்வு கிழிகிறது. வெயில் வந்து ஐஸ் உருகும்போது தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை. இலை துவண்டு, கண்ணாடி மாதிரி ஆகி, இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும்.

முன்பு ஒரு தடவை இதே மாதிரி வந்த செடியை நானே கொன்றிருக்கிறேன். பாவம், குளிரில் கிடந்ததே என்று மாடி வெயிலில் வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் விட்டு, உரமும் போட்டேன். ஒரே வாரத்தில் அழுகிப்போனது. பழக்கமான நர்சரிக்காரரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "விறைச்சுப் போனவனைத் தூக்கிட்டு வந்து அடுப்பு மேல உக்கார வைப்பீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் இந்தத் தடவை கை கட்டிக்கொண்டு இருந்தேன். அதுதான் கஷ்டம். வடக்குப் பக்கத்து ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத இடம், நல்ல காற்று. ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கறுத்த இலையைப் பார்க்கப் பார்க்கக் கை கத்தரிக்கோலைத் தேடும். வெட்டக்கூடாது, எது செத்தது, எது பிழைத்தது என்பது செடிக்கே உடனே தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து, கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் காய்ந்த கோடு ஒன்று தெளிவாக விழுந்தது. பிளேடை மெழுகுவத்தியில் காட்டி ஆறவைத்து, அந்தக் கோட்டை ஒட்டிக் கறுப்புப் பக்கத்திலேயே வெட்டினேன். வெட்டின வாயில் பட்டைத்தூள் தடவினேன். அது வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும். இலை நீர்விட்டுக் கொழகொழத்து, அழுகல் அடித்தண்டை நோக்கி இறங்கினால் மட்டும் காத்திருக்காமல் வெட்டிவிட வேண்டும்.

சிம்பிடியத்தின் உயிர் இலையில் இல்லை. அடியில் முட்டை மாதிரி உருண்டிருக்கும் தண்டில் இருக்கிறது. தண்ணீரும் உணவும் அங்கேதான் சேமிப்பு. பல்பு என்பார்கள். விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு அழுகின தக்காளியாக அமுங்கின; அவற்றை வெட்டி எறிந்தேன். மூன்று கல் மாதிரி இருந்தன. வேரிலும் சொதசொதப்பாக இருந்ததை நீக்கிவிட்டு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் செங்கல் ஜல்லி போட்டுப் புது மண்தொட்டியில் வைத்தேன். கல்யாண மண்டபங்களில் பரிசாகக் கொடுக்கிறார்களே, பட்டாம்பூச்சி மாதிரி பூக்கும் பெலனாப்சிஸ், அதற்கு இந்தச் சேமிப்புக் கிடையாது. நடுக்குருத்து அழுகினால் பெரும்பாலும் கதை முடிந்தது. அதைக் கெடுக்க உறைபனிகூட வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே சில ராத்திரி போதும்.

மாசி முடிகிற சமயம், இலையே இல்லாத ஒரு பழைய பல்பின் அடியில் பூண்டு முளை மாதிரி பச்சையாக ஒன்று கூர்விட்டது. பக்கத்தில் புது வேரின் நுனி. அதைப் பார்த்த பிறகுதான் 19:19:19 உரத்தை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கரைத்துக் கொடுத்தேன்.

வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் சிம்பிடியம் பூக்கக் குளிர்ந்த ராத்திரிகள் வேண்டும். மதுரை ராத்திரிக்கு அந்தக் குணம் ஏது? சித்திரைத் திருவிழாக் கூட்டம் சேருவதற்கு முன்னால் அதே தக்காளிக் கூடையில் வைத்துப் பஸ் ஏற்றினேன். கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடி கொண்டு மூடி வைப்பார்கள். மிலாருக்கு நாங்கள் எங்கே போக? நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் துணி போடு, காலையில் எடுத்துவிடு, சாயங்காலம் தண்ணீர் விடாதே என்று தங்கைக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த மார்கழியில் விடிந்தும் விடியாமல் போன் வந்தது.

"அம்மாவோட பழைய சுங்குடியைத்தான் போட்டு மூடினேன்க்கா. செடி நல்லாருக்கு. சேலைதான் அப்பளம் மாதிரி வெறைச்சு நிக்குது."