வரம்போரக் கீரையும் வேலியோர இலைக்கறியும்

அக்கரைப்பற்றுப் பகுதி வயல்கள் நெல்லை மட்டும் தருவனவல்ல. பெரும்போக மழை தொடங்கியதும் வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் முதலியன விதைப்பாரின்றியே தழைக்கின்றன. 1949 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வாய்க்கால்களில் சிறுபோகத்திலும் இவற்றைக் காணலாம். கச்சான் காற்று வீசி மேட்டுநிலம் காயும் காலத்தில் வேலியிலுள்ள முருங்கையும் அகத்தியும் கைகொடுக்கும்.

விலையின்றிக் கிடைப்பதால் இவற்றின் அருமையைப் பலர் உணர்வதில்லை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது உணவுப் பொருட்களின் விலை பெரிதும் ஏறியது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் அளிக்கப்பட்டது. அத்தகைய காலம் வரும்வரை காத்திராது, என்றும் இலைக்கறியை உணவிற் சேர்த்தல் அறிவுடைமையாகும்.

உணவுப் பயன்

சோறும் மீன் ஆணமும் வயிற்றை நிரப்பும்; ஆயினும் அவை மட்டும் போதா. கீரைகளிலுள்ள கரோட்டீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறிக் கண்பார்வையைக் காக்கின்றது. 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும், 185 மில்லிகிராம் கல்சியமும், 4 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் இவை மிகவும் வேண்டியவை.

சமைக்கும் முறை

கீரையை முதலிற் கழுவி, பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினாலும், வேகவைத்த நீரை வடித்து ஊற்றினாலும் சத்தின் ஒரு பகுதி வீணாகும். வாய்க்கால் ஓரத்து வல்லாரையைச் சம்பலுக்குப் பச்சையாக எடுப்பதாயின், சுத்தமான நீரிற் பலமுறை அலசுதல் அவசியம்.

முருங்கையிலைச் சுண்டல்: இரண்டு கைப்பிடி இலையைக் காம்பு நீக்கி எடுத்துக்கொள்க. சட்டியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் வதக்கி, இலை, சிறிது மஞ்சள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து நான்கைந்து நிமிடம் கிளறுக. பின் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ இட்டுப் புரட்டி, அடுப்பினின்று இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுக. விரும்பினால் மாசித்தூளும் சேர்க்கலாம்.

தேங்காயின் கொழுப்புக் கரோட்டீனையும், தேசிக்காய்ப் புளி இரும்பையும் உடல் ஏற்க உதவுகின்றன. உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். ஆகவே ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துக. நோன்பு காலத்தில் கஞ்சியை இறக்குமுன் ஒரு கைப்பிடி முருங்கையிலை சேர்த்தலும் நன்று.

கவனிக்க வேண்டியது

நம் பகுதியில் நெல் பெரும்பாலும் வீசி விதைக்கப்படுவதால், கையாற் களை பிடுங்குதல் எளிதன்று. எனவே விதைத்த சில வாரங்களுக்குள் களைநாசினி தெளிக்கப்படுகின்றது. வரம்புக் கீரை தளிர்ப்பதும் அக்காலத்திலேயே. செடியினுள் ஊடுருவும் நஞ்சு கழுவினாற் போகாது. இலை பசுமையாகத் தோன்றுவதைக் கொண்டும் ஏமாறலாகாது. தெளித்த வரம்பிலும், அந்நீர் வடியும் வாய்க்காலிலும் கீரை பறித்தலாகாது. அயல் வயற்காரர் தெளித்த நாளையும் கேட்டறிக. கூடுமானவரை வரம்பை மண்வெட்டியாற் செதுக்குக. வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு வரம்பையேனும் நஞ்சு படாது விட்டுவைக்க. பெயரறியாத இலை எதனையும் உண்ணலாகாது.

வளவில் நடுதல்

மழை தொடங்கும்போது மூன்று நான்கு அடி நீள முருங்கைத் தடியை, மாட்டெரு இட்ட குழியில் நீர் தேங்காதவாறு நடுக. மழைக்காலத்தில் மரத்தில் மயிர்க்கொட்டி உண்டா எனப் பார்த்தே இலை பறிக்க வேண்டும். கிணற்றடியில் ஒரு பசளிக் கொடி படர்ந்தால், வழிந்தோடும் நீரும் வீணாகாது.

நெல்லை விற்றுப் பணம் பெறலாம். அப்பணத்திற் பெரும்பகுதி மருந்துக்குச் செல்லாது காப்பதில் வேலியோர முருங்கைக்கும் பங்குண்டு. மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.