ஆயிரமாவது படிக்கு எண் எங்கே?

கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் படம் வருவதற்குள் உள்ளே என்ன நடக்கிறது? இப்படி யோசித்திருந்தால் நீங்கள் கெட்டிக்காரர்கள்தான்!

பள்ளிக்கூடத்துக்குக் காலையில் முதலில் வருவது யார்? வாட்ச்மேன் தாத்தா. கதவைத் திறப்பார். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். மணி அடிப்பார். அப்புறம்தான் ஆசிரியர் பாடம் தொடங்குவார்.

கணினிக்குள்ளும் ஒரு வாட்ச்மேன் உண்டு. சின்னஞ்சிறு சிப்பில் எழுதிவைத்த நிரல் அது. விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் ஆசிரியர்கள். புரிகிறதா?

1981-இல் ஐபிஎம் கணினியோடு வந்த வாட்ச்மேனின் பெயர் பயாஸ். நல்ல உழைப்பாளி. ஆனால் இரண்டு குறைகள்.

முதல் குறையைப் பார்க்க மைசூருக்குப் போவோம். சாமுண்டி மலைக்கு 1,008 படிகள் என்பார்கள். படிக்கொரு எண் ஒட்டலாமா? நம்மிடம் இருப்பதோ மூன்று இலக்கத் தகடுகள். 999 வரை ஒட்டிவிட்டோம். அப்புறம்? மீதி 9 படிகளும் கண்ணெதிரே இருக்கின்றன. எண்தான் இல்லை!

பயாஸ் காலத்து ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதைதான். டிஸ்க்கை 512 பைட் அறைகளாகப் பிரித்து எண் போட்டார்கள். எண் எழுத 32 பிட்தான் இடம். அதில் சுமார் 430 கோடி அறைகளையே எண்ண முடியும். மொத்தம் 2 டெராபைட். அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினால், மிச்ச இடம் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது குறை? பயாஸ் யாரையும் நம்பிவிடும். டிஸ்க்கின் முதல் அறையில் வைரஸ் ஆசிரியர் வேடத்தில் உட்கார்ந்திருந்தாலும், "வாங்க சார்!" என்று வகுப்பை ஒப்படைத்துவிடும்.

அதனால்தான் புது வாட்ச்மேன் வந்தார். பெயர் யுஇஎஃப்ஐ. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஒரு மன்றமே அமைத்தன. புதிய முறையில் அறை எண்ணுக்கு 64 பிட் இடம். இப்போதைக்குத் தட்டுப்பாடே வராது.

அசல் மைசூர்ப் பட்டுச் சேலையில் எண்ணும் ஹாலோகிராமும் இருக்கும். அம்மா அதைப் பார்த்துத்தானே வாங்குவார்? புது வாட்ச்மேனும் அப்படித்தான். உள்ளே வரும் நிரலில் நம்பகமான முத்திரை இருக்கிறதா என்று சோதிப்பார். யாராவது நிரலைத் திருத்தியிருந்தால் முத்திரை பொருந்தாது. வாசலிலேயே நிறுத்திவிடுவார். இந்தச் சோதனைக்குப் பெயர் செக்யூர் பூட்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. சாமுண்டி மலை போலப் பத்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எல்லாப் படிகளுக்கும் எண் ஒட்ட நான்கு இலக்கத் தகடு போதுமா?

"போதும்" என்று அவசரப்படாதீர்கள். பெருக்கிப் பாருங்கள்!